பூமியைக் குடைந்து விழுந்தால் எத்தனை நிமிடம்? ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நீங்களே கணக்குப் போடும் வழி

பூமியின் நடுவழியாக ஒரு துளை போட்டு அதில் விழுந்தால் மறுபக்கம் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று இங்கே ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியா பகுதியில் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால், 42 நிமிடம் என்று பலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். கணக்கு சரிதான். ஆனால் அது மேலிருந்து மையம் வரை ஒரே அடர்த்தி உள்ள ஒரு பூமிக்கான விடை. நாம் நிற்கிற பூமி அப்படி இல்லை, அதற்கான சாட்சி காரில் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய கார்ல்டன்வில் தங்கச் சுரங்கங்களிலேயே இருக்கிறது. இந்தக் கணக்கை முழுசாக, நம்முடைய பூமிக்கே பொருந்துகிற மாதிரி எப்படிப் போடுவது என்று எழுதுகிறேன். ஒரு கால்குலேட்டரும் தாளும் வேண்டும், கிரேடு 11இல் வரும் நியூட்டனின் ஈர்ப்பு விதி ஞாபகம் இருந்தால் போதும்.

மறுமுனை எங்கே என்று முதலில் பாருங்கள். அட்சரேகையில் தெற்கை வடக்காக்குங்கள், தீர்க்கரேகையை 180இலிருந்து கழித்துக் கிழக்கை மேற்காக்குங்கள். ஜோகன்னஸ்பர்க் தெற்கே 26.2, கிழக்கே 28 டிகிரி. அப்படியானால் மறுமுனை வடக்கே 26.2, மேற்கே 152. அது ஹவாய்க்கு வடகிழக்கே நடுக்கடல். டர்பன், கேப்டவுன், கிம்பர்லி என்று எந்த ஊரை எடுத்துப் போட்டாலும் பசிபிக் தண்ணீர்தான் வரும். தரையில் வெளியே வரவேண்டும் என்றால் எல்லை தாண்டி போட்ஸ்வானாவுக்குப் போய்க் குடைய வேண்டும், அதற்கு நேர் எதிரே ஹவாய்த் தீவுகள் இருக்கின்றன. உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 1,750 மீட்டர். இங்கே கையை விட்டால் மறுபக்கம் கடல்மட்டத்தில் வேகம் தீராது, அதற்கும் மேலே இன்னொரு 1,750 மீட்டர் கிளம்பிப் போய்த்தான் ஒரு கணம் நிற்பீர்கள். இந்த உயர வித்தியாசம் பிற்பாடு டர்பன் கணக்கில் பெரிதாக வேலை செய்யும்.

உங்களை எது இழுக்கிறது

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள், மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

பூமியை வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கான கூடுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். துளையில் 1,000 கி.மீ. இறங்கிவிட்டீர்கள் என்றால், உங்களுக்கு வெளியே இருக்கும் கூடுகள் உங்களை எந்தப் பக்கமும் இழுப்பதில்லை. கேட்டால் நம்பக் கடினமாக இருக்கும், ஏனென்றால் தலைக்கு மேலே பாறை பக்கத்தில் இருக்கிறது, அது மேலே இழுக்காதா என்று தோன்றும். தாளில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே ஓரமாக ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி வழியாக எதிரெதிர்ப் பக்கம் விரியும்படி ஒரு குறுகிய கூம்பு வரையுங்கள். கிட்டே இருக்கும் பக்கம் கூடு 1 அளவு தூரத்தில், எட்ட இருக்கும் பக்கம் 3 அளவு தூரத்தில் என்று வைத்துக்கொள்வோம். எட்ட இருக்கும் துண்டு அகலத்தில் 3 மடங்கு, உயரத்தில் 3 மடங்கு, ஆக 9 மடங்கு நிறை. ஆனால் தூரம் 3 மடங்கு என்பதால் ஒவ்வொரு கிலோவும் இழுக்கும் விசை 9இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இரண்டும் சரிக்குச் சரி. கூம்பை எந்தத் திசையில் திருப்பினாலும் இதே கதைதான், எல்லாம் ஒன்றையொன்று அடித்துவிட்டு மிச்சம் பூஜ்யம். நியூட்டன் 1687இல் வெளியிட்ட நிரூபணம் இது, விசை தூரத்தின் வர்க்கத்தில் குறைவதால் மட்டுமே இவ்வளவு கச்சிதமாக அமைகிறது.

ஆகவே எந்த ஆழத்திலும் கேட்க வேண்டிய கேள்வி இரண்டே இரண்டு: என் காலுக்குக் கீழே மிச்சமிருக்கும் உருண்டையின் நிறை எவ்வளவு, அதன் ஆரம் எவ்வளவு.

ஒரே அடர்த்தி என்று எடுத்தால் நிறை ஆரத்தின் மூன்றாம் அடுக்கில் போகும், அதை ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வெறும் ஆரம் மிஞ்சும். பாதி ஆரத்தில் பாதி ஈர்ப்பு, மையத்தில் பூஜ்யம். சுருள்வில்லில் தொங்கும் எடையின் ஆட்டமும் இதே விதிப்படிதான் நடக்கிறது, அதனால் நேரமும் அதே சூத்திரத்தில் வரும்: ஆரத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, பையால் (π, அதாவது 3.1416) பெருக்குங்கள். 63,71,000 மீட்டரை 9.81ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 806, பையால் பெருக்கினால் 2,532 விநாடி. அதுதான் அந்த 42 நிமிடம். மையத்தில் வேகம் விநாடிக்கு 7.9 கி.மீ. நடுவழியில் எங்கே கையை விட்டாலும், மையத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி விட்டால்கூட, எதிர்ப்பக்கம் போய்ச் சேர அதே 42 நிமிடம்தான் ஆகும்.

சுரங்கம் வேறு விடை சொல்கிறது

கார்ல்டன்வில் பக்கம் இருக்கும் ம்போனெங் சுரங்கம் தரையிலிருந்து 4 கி.மீ. அளவுக்கு இறங்குகிறது, உலகத்திலேயே மனிதர்கள் வேலை செய்யும் மிக ஆழமான இடம் என்று பெயர் வாங்கியது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அங்கே இறங்கினால் எடை கூடுமா, குறையுமா? மேலே போட்ட விதிப்படி குறைய வேண்டும். 4ஐ 6,371ஆல் வகுத்து 60 கிலோவால் பெருக்குங்கள்: 38 கிராம் குறையும்.

இப்போது அதே கணக்கைப் பிரித்துப் போடுங்கள். 4 கி.மீ. மையத்துக்கு நெருங்குவதால் ஈர்ப்பு கூடுகிறது, வர்க்கத்தில் போவதால் 4ஐ இரட்டித்து 6,371ஆல் வகுத்து 60 கிலோவால் பெருக்கினால் 75 கிராம் கூடுதல். தலைக்கு மேலே போய்விட்ட 4 கி.மீ. கூட்டின் இழுப்பு இழப்பு. அந்தக் கூடு பூமியின் சராசரி அடர்த்தியில், அதாவது நீரைப் போல் 5.5 மடங்கில் இருந்திருந்தால் இழப்பு 113 கிராம், 75ஐக் கழித்தால் அந்த 38 கிராம் வந்துவிடுகிறது. ஆனால் இந்தச் சுரங்கங்கள் இருக்கும் விட்வாட்டர்ஸ்ராண்ட் பாறை அவ்வளவு கனம் இல்லை, சுமார் 2.7 மடங்குதான். 113ஐ 2.7ஆல் பெருக்கி 5.5ஆல் வகுத்தால் இழப்பு 55 கிராம். 75இல் 55 போக 20 கிராம் மிச்சம், அதுவும் கூடுதல் பக்கம்.

அதாவது சுரங்கத்தில் இறங்க இறங்க எடை கூடுகிறது! இதற்குப் பொது விதியும் இதிலேயே இருக்கிறது: நீங்கள் கடக்கும் பாறையின் அடர்த்தி, கீழே மிச்சமிருக்கும் உருண்டையின் சராசரி அடர்த்தியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைவாக இருக்கும்வரை ஈர்ப்பு ஏறிக்கொண்டே போகும். பாடப்புத்தக வரைபடத்தில் தரையிலிருந்தே நேர்கோடாகச் சரிகிற அந்தக் கோட்டைப் பிள்ளைகள் அப்படியே மனதில் வாங்கிக்கொள்வது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அடர்த்தி உள்ளே போகப் போகக் கூடுகிறது என்ற பெரிய உண்மையை அது மறைத்துவிடுகிறது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1854இல் ஜார்ஜ் ஏரி (Airy) என்ற வானியலாளர் இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் பக்கம் ஹார்ட்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் மேலே ஒரு ஊசலும் சுமார் 380 மீட்டர் கீழே ஒரு ஊசலும் ஆடவிட்டார், கீழே இருந்தது ஒரு நாளைக்கு இரண்டேகால் விநாடி முந்திக்கொண்டு ஓடியது. அதிலிருந்து அவர் கணக்கிட்ட பூமியின் அடர்த்தி 6.6 அளவில் வந்தது, உண்மையை விடக் கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் உள்ளே கனமான ஒன்று இருக்கிறது என்பதை அந்தக் கடிகாரமே காட்டிவிட்டது. நம் 4 கி.மீ. ஆழத்துக்கு இதே கணக்கைப் போட்டால் ஒரு நாளைக்கு 14, 15 விநாடி முந்த வேண்டும். யாராவது செய்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஆட்களை இறக்கும் லிஃப்ட் கூண்டு இறங்கிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் அளவு எதற்கும் உதவாது, கிளம்பும்போது உடம்பு லேசாகும், நிற்கும்போது கனக்கும், அது கூண்டின் முடுக்கம், பூமியின் வேலை அல்ல. இன்னொன்று சூடு. அந்த ஆழத்தில் பாறை 60 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது, மேலிருந்து பனிக்கூழ் இறக்கித்தான் ஆட்கள் வேலை செய்யும் அளவுக்குக் குளிர்விக்கிறார்கள். எஃகு ஊசல் 10 டிகிரி சூடேறினால் நீண்டு, நாளைக்கு 5 விநாடி பிந்திவிடும். 30 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஈர்ப்பு கொடுத்த 15 விநாடியைச் சூடு அப்படியே விழுங்கிவிடும், எடை கூடியதே தெரியாது.

உண்மையான பூமிக்கு இரண்டு துண்டுக் கணக்கு

உள்ளே யாரும் போனதில்லை. ரஷ்யாவின் கோலா துளையே 12,262 மீட்டரில் நின்றுவிட்டது, அங்கே 180 டிகிரி சூடு. உள்ளே என்ன அடர்த்தி என்பது நிலநடுக்க அலைகள் வந்துசேரும் நேரத்தை வைத்துத் தெரிந்துகொண்டது. அதைத் தொகுத்து 1981இல் ஜெவோன்ஸ்கி, ஆண்டர்சன் என்ற இரண்டு புவியியற்பியலாளர்கள் வெளியிட்ட அட்டவணையை இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதன்படி தரையில் 9.8 இருக்கும் ஈர்ப்பு முடுக்கம், கவசம் (இரும்புக் கருவத்தைச் சுற்றியிருக்கும் தடித்த பாறை அடுக்கு) முழுவதும் கிட்டத்தட்ட 10இலேயே நிற்கிறது, 2,891 கி.மீ. ஆழத்தில் இரும்புக் கருவத்தின் வாசலில் 10.7 வரை ஏறுகிறது, அங்கேதான் உச்சம். அதற்கப்புறம்தான் மளமளவென்று இறங்கி மையத்தில் பூஜ்யமாகிறது.

அந்த 10.7ஐ நீங்களே சரிபார்க்கலாம். கருவத்தின் ஆரம் 3,480 கி.மீ., பூமியின் ஆரத்தில் 0.546 பங்கு. நிறையோ மொத்தத்தில் சுமார் 32.5 சதவீதம். 9.82ஐ 0.325ஆல் பெருக்கி, 0.546இன் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள், வந்துவிடும்.

இனி நேரம். பூமியை இரண்டு துண்டாக மட்டும் வெட்டிக்கொள்வோம், கவசத்தில் ஈர்ப்பு மாறாமல் 10, கருவத்தில் 10.7இலிருந்து நேர்கோடாகப் பூஜ்யம்.

கவசம் சாதாரண விழும் கணக்கு. 28,91,000 மீட்டரை இரட்டித்து 10ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 760 விநாடி, அப்போது வேகம் விநாடிக்கு 7,604 மீட்டர். கருவத்துக்குள் சுருள்வில் கணக்கு. 10.7ஐ 34,80,000ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள், 0.0017535. இதைக் கருவத்தின் ஆரத்தால் பெருக்கினால் 6,102. இந்த 6,102ஐ 7,604ஆல் வகுத்து, வருவதற்கு டேன் இன்வர்ஸ் போடுங்கள். கால்குலேட்டரை ரேடியனுக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள், டிகிரியில் வைத்துப் போட்டு விடை எங்கேயோ போவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு. 0.676 வரும், அதை 0.0017535ஆல் வகுத்தால் 386 விநாடி. 760ம் 386ம் சேர்த்து மையம் வரை 1,146 விநாடி, மறுபாதி அதே அளவு, மொத்தம் 2,292 விநாடி. 38 நிமிடம் 12 விநாடி.

2015இல் அலெக்சாண்டர் குளோட்ஸ் என்ற இயற்பியலாளர் அந்த 1981 அட்டவணையை முழுசாக வைத்துக் கணினியில் போட்டு வெளியிட்ட விடையும் 38 நிமிடம்தான். இரண்டே துண்டில், ஒரு தாளில், நாம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

இன்னும் குறுக்குவழியும் உண்டு: மையம் வரை ஈர்ப்பு 9.81இல் மாறாமலே நிற்கிறது என்று எடுத்தாலும் நேரம் 38 நிமிடம் வருகிறது. பயணத்தில் பெரும்பாலான நேரம் கவசத்தில்தான் போகிறது, கருவத்தைக் கடக்கும்போது வேகம் அதிகம், அங்கே ஈர்ப்பு தப்பாக இருந்தாலும் நேரத்தில் பெரிதாகத் தெரியாது. ஆனால் இந்தக் குறுக்குவழியில் மையத்து வேகத்தைக் கேட்காதீர்கள். அது விநாடிக்கு 11.2 கி.மீ. என்று சொல்லும், உண்மையான அட்டவணை 9.9 தரும், நம் இரண்டு துண்டுக் கணக்கு 9.75. ஒரு விடை சரியாக வந்துவிட்டது என்பதற்காக அந்த மாதிரியை மற்றதற்கும் நம்பிவிடக் கூடாது.

சுவரும் காற்றும்

பூமி சுற்றுகிறது. ஜோகன்னஸ்பர்க் தரை கிழக்கு நோக்கி விநாடிக்கு 417 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது, கீழே இருக்கும் பாறை அதைவிட மெதுவாகப் போகிறது. மேலிருந்து விடும் கல் மேல்வேகத்தோடு கீழே வருவதால் கிழக்கே விலகும். எவ்வளவு என்றால், பூமியின் சுழல்வேகம் 0.0000729, ஈர்ப்பு 9.8, விழும் நேரத்தின் மூன்றாம் அடுக்கு, அட்சரேகையின் கொசைன், எல்லாவற்றையும் பெருக்கி மூன்றால் வகுக்க வேண்டும். 4 கி.மீ. ஆழத்துக்குக் காற்றில்லாமல் விழ 28.6 விநாடி, விலகல் 5 மீட்டர். பத்து மீட்டர் விட்டமுள்ள குழியின் நடுவில் விட்ட கல் அடியைத் தொடும்போது கிழக்குச் சுவரில் உரசும். நாலு கிலோமீட்டருக்கே இப்படி. ஆகவே முழுப் பூமியையும் நேராகக் கடக்க வேண்டும் என்றால் துருவத்திலிருந்து துருவத்துக்குத்தான் துளை போட வேண்டும், அங்கே மட்டும்தான் இந்தப் பிரச்சினை இல்லை. தென்துருவப் பனித்தரை 2,800 மீட்டருக்கு மேல் உயரம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், வடதுருவத்தில் கடல்மட்டம்.

காற்றை விட்டுவைத்தால் கணக்கே வேண்டாம். காற்றழுத்தம் ஏறக்குறைய 6 கி.மீ.க்கு ஒருமுறை இரட்டிக்கும், எளிய வாயு விதிப்படி 60 கி.மீ.யில் ஆயிரம் மடங்கு, தண்ணீர் மாதிரி கனத்துவிடும், நீங்கள் அங்கேயே மிதப்பீர்கள். துளை முழுக்க வெற்றிடம் என்று எடுத்துக்கொண்டுதான் மேலே எல்லாம் போட்டோம்.

ஜோகன்னஸ்பர்க் முதல் டர்பன் வரை

மையம் வழியாகத்தான் போக வேண்டும் என்று இல்லை. எந்த இரண்டு ஊருக்கும் நடுவே நேர்கோடாகத் துளைத்து, உராய்வில்லாத தண்டவாளம் போட்டால் வண்டி தானாக ஓடும். இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது டர்பன் பாதைதான், ஏனென்றால் இதன் எண்கள் எல்லாம் நமக்குப் பழகிய அளவிலேயே வருகின்றன.

இரண்டு ஊருக்கும் நேர்தூரம் 500 கி.மீ. இந்தத் தூரத்தின் வர்க்கத்தை, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் நடுவில் எவ்வளவு ஆழம் என்று தெரியும்: 4.9 கி.மீ. ம்போனெங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம்! வாசலில் சரிவு 2.25 டிகிரி, கண்ணுக்குச் சமதளம் மாதிரித்தான் தெரியும். உச்ச வேகம், பாதித்தூரமான 2,50,000 மீட்டரை முன்பு கண்ட 806ஆல் வகுத்தால், விநாடிக்கு 310 மீட்டர், அதாவது மணிக்கு 1,100 கி.மீ.க்கு மேல். நேரம் 42 நிமிடம், இங்கே 38 அல்ல, ஏனென்றால் வண்டி ஆழமாக இறங்குவதே இல்லை, வழி முழுக்க ஈர்ப்பு தரையில் இருப்பது போலவே இருக்கிறது, மாறுவது மையத்தை நோக்கிய திசை மட்டும்தான். என்3 சாலையில் காரில் போனால் 570 கி.மீ.

இனி அந்த 1,750 மீட்டரைச் சேருங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் விட்ட வண்டி டர்பனில் நிற்காது, 2ஐ 9.8ஆலும் 1,750ஆலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் விநாடிக்கு 185 மீட்டர், அந்த வேகத்தோடு வந்து சேரும், பிரேக் போட வேண்டும். டர்பனில் விட்ட வண்டி அதற்கு நேர்மாறு. கடல்மட்டத்திலிருந்து கிளம்பியதால் கடல்மட்ட உயரம் வரைதான் ஏற முடியும். 1.75ஐ 500ஆல் வகுத்து ஆரத்தின் இரண்டு மடங்கால் பெருக்குங்கள், 45 கி.மீ. வரும். ஜோகன்னஸ்பர்க்குக்கு 45 கி.மீ. முன்னாலேயே, ஹைடல்பர்க் பக்கத்தில், நிலத்துக்கு அடியில் வண்டி ஒரு கணம் நின்று திரும்ப டர்பன் பக்கம் ஓட ஆரம்பித்துவிடும். அங்கே பிடித்து நிறுத்தி மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும். 50 டன் வண்டிக்கு அதற்கு 240 யூனிட் மின்சாரம் போதும், எதிரே டர்பனில் பிரேக் போடும் வண்டி அதே 240 யூனிட்டைத் திருப்பித் தரும்.